சூடு தெரியாத இடம்

வீட்டுச் சாமான்களை இடம் மாற்றிக் கொடுக்கும் கம்பெனியில் அவனை எல்லோரும் ஒத்தையாள் என்றுதான் கூப்பிடுவார்கள். நாலு பேர் முக்கி முனகித் தூக்குகிற பீரோவை முதுகில் சாய்த்துக்கொண்டு தனியாகவே மாடிப்படி இறங்கிவிடுவான். கம்பெனியில் சக்கர வண்டி இருந்தது, தோளில் மாட்டித் தூக்கும் பட்டையும் இருந்தது. அதெல்லாம் நோஞ்சான்களுக்கு என்பான். "தூக்குறது ஒத்தையாள், திங்கிறது மூணாள்" என்று அவன் மனைவி கேலி செய்வாள். ரெடிமேட் கடையொன்றில் பேன்ட் நீளத்தைக் குறைத்துத் தைப்பது அவள் வேலை. அவளுக்கு உள்ளுக்குள் அவன் பலத்தில் பெருமைதான்.

சில வாரங்களாக அவனுக்கு இடுப்பில் வலி. அது கீழே இறங்கி இடது காலில் சுரீர் சுரீரென்று இழுத்தது. டாக்டரிடம் போகச் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய்தான் வலித்தது. செவிடன் காதில் ஊதிய சங்கு. தைலத்தைத் தேய்த்துக்கொண்டு வேலைக்குப் போய்விடுவான். அந்தச் சனிக்கிழமை ஒரு வாஷிங் மெஷினைத் தூக்கிக்கொண்டு படி வளைவில் உடம்பைத் திருப்பியபோது இடுப்புக்குள் ஏதோ சடக்கென்றது. வீட்டுக்கு வந்தவன் நிமிர முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

ஞாயிறு காலை அவள் தம்பி வந்தான். மிதித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றான். அவளுக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் ஒத்தையாள் அதற்குள் தரையில் குப்புறப் படுத்துவிட்டான். தம்பி சுவரைப் பிடித்துக்கொண்டு மாமாவின் முதுகில் ஏறி மெல்ல மிதித்தான். எழுந்தபோது வலி பாதி போய்விட்டது என்றான் அவன். கால் மட்டும் கொஞ்சம் மரத்த மாதிரி இருக்கிறது, ஒன்றுமில்லை என்றான். தம்பி பெரிய வைத்தியனைப் போல முகத்தை வைத்துக்கொண்டான்.

மத்தியானம் சாப்பிட்டபின், மிச்ச வலிக்கு ஒத்தடம் கொடுக்கலாமென்று அவள் ரப்பர் பையில் வெந்நீர் நிரப்பி அவன் இடுப்புக்குப் பின்னால் வைத்தாள். அவன் மெத்தை வைத்த நாற்காலியில் உட்கார்ந்து டி.வி.யில் மேட்ச் பார்த்தான். தம்பி பக்கத்தில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தான்.

அவள் துணி மடித்துக்கொண்டே திரும்பியபோது நாற்காலிக்கு அடியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர்ச் செம்பைத் தட்டிவிட்டார்களாக்கும் என்று துடைக்கக் குனிந்தாள். கை பட்டதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். சுட்டது. பை சரிந்து அவனுக்கு அடியில் போயிருந்தது. மூடி கழன்று, மெத்தை முழுக்க வெந்நீரில் ஊறி, ஓரத்தில் ஆவி எழுந்துகொண்டிருந்தது. அதன்மேல் உட்கார்ந்துகொண்டு அவன் யாரோ விட்ட கேட்ச்சைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"ஏங்க, எந்திரிங்க."

"ஏன்?"

"சுடலையா உங்களுக்கு?"

"என்ன சுடலையா?"

கையைப் பிடித்து இழுத்து எழுப்பினாள். அவன் என்னவென்று புரியாமல் பின்னால் கையை வைத்தான். கை துள்ளி விலகியது. மறுபடி வைத்தான். அவன் முகத்திலிருந்து சிரிப்பு வடிந்துபோனதை அவள் பார்த்தாள்.

"கைக்குச் சுடுது. அங்க ஒண்ணுமே தெரியல" என்றான்.

குளியலறைக்கு இழுத்துப்போய் வேட்டியை விலக்கிப் பார்த்தாள். தோல் செக்கச்செவேலென்று வெந்து, கொப்புளங்கள் கிளம்பத் தொடங்கியிருந்தன. குழாயைத் திறந்து பச்சைத் தண்ணீரை அதன்மேல் விட்டுக்கொண்டே இருந்தாள். தண்ணீர் ஜில்லென்று இருக்கிறதா என்று கேட்டாள். தண்ணீர் விடுகிறாயா என்று அவன் திருப்பிக் கேட்டான். அப்புறம், சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"காலையிலேர்ந்து ஒண்ணுக்குப் போகல. முக்கினாலும் வரமாட்டேங்குது. உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு இருந்தேன்."

கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவன் எதற்கும் பயந்து அவள் பார்த்ததில்லை. பயந்தவனின் குரல் அது.

டாக்ஸியின் பின்சீட்டில் அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவசரப் பிரிவில் இருந்த டாக்டரம்மா வலியைப் பற்றி அதிகம் விசாரிக்கவில்லை. சிறுநீரும் மலமும் எப்படிப் போகின்றன என்று கேட்டார். கீழே ஊசிமுனையால் தொட்டுத் தொட்டு, குத்துகிறதா என்று கேட்டார். எங்கே குத்துகிறீர்கள் என்றான் அவன். அவர் உடனே ஸ்கேனுக்கு அனுப்பினார்.

படத்தைக் காட்டித்தான் அவளுக்கு விளக்கினார். முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் டிஸ்க் பிதுங்கி, குதிரை வால் மாதிரி கீழே இறங்குகிற நரம்புக் கற்றையை நசுக்கிக்கொண்டிருக்கிறது. கால், மூத்திரப்பை, உட்காருகிற இடம் எல்லாவற்றுக்கும் உணர்ச்சி கொடுப்பது அந்த நரம்புகள்தான்.

"முதுகுவலி பெரும்பாலும் தானா சரியாயிடும்மா. ஆனா அதோட உட்கார்ற இடம் மரத்துப்போய், யூரினும் வராம நின்னா ஒரு பொழுது கூடக் காத்திருக்கக் கூடாது. இன்னைக்கே ஆபரேஷன் பண்ணணும்."

"நடப்பாரா?" என்றாள்.

நடக்க வாய்ப்பு அதிகம் என்றார் டாக்டரம்மா. மற்றதெல்லாம் எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாதாம்.

கதவோரமாக நின்றிருந்த தம்பி வாயைத் திறந்தான். "நான் மிதிச்சதாலயா டாக்டர்?"

"டிஸ்க் முன்னாடியே கிழிஞ்சிருக்கலாம். உங்களாலதான்னு என்னால சொல்ல முடியாது. இல்லைன்னும் சொல்ல முடியாது. இனிமே யார் முதுகுலயும் ஏறாதீங்க."

தம்பி அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்தான். அவனைத் திட்டவும் தேற்றவும் அவளுக்குத் தெம்பில்லை. ஆபரேஷன் முடியும்வரை அவள் கண்ணுக்குள் ஒரே காட்சிதான். வெந்துகொண்டே சிரித்த அந்த முகம்.

கால் தப்பியது. இடது பாதத்தில் மட்டும் கொஞ்சம் தொய்வு, மரப்பு. வெந்த இடம் ஆற நாளானது. ஆபரேஷனின்போது போட்ட மூத்திரக் குழாயை ஒருமுறை எடுத்துப் பார்த்து, வராமல் போக, திரும்பவும் போட்டார்கள். இரண்டாம் தடவை எடுத்த அன்று கழிவறைக்குள் போனவன் வெகுநேரம் வரவில்லை. அவள் வெளியே கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். முதலில் விட்டுவிட்டு, பிறகு தொடர்ந்து மூத்திரம் போகும் சத்தம் கேட்டது. கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இதற்கெல்லாமா அழுவார்கள் என்று தாதிப் பெண் கேட்கவில்லை. அவளும் அங்கேயே நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

கம்பெனியில் இப்போது அவனுக்குச் சாமான் ஏற்றுவதை மேற்பார்க்கும் வேலை. கனமானதை எவனாவது தனியாகத் தொட்டால் வண்டியைக் கிளப்ப விடமாட்டான். முழங்காலை மடக்கு, சாமானை வயிற்றோடு அணை, திரும்பணும்னா காலைத் திருப்பு, இடுப்பைத் திருப்பாதே என்று நச்சரிப்பான். ஒத்தையாள் என்று கூப்பிடுவதைப் பையன்கள் அவர்களாகவே விட்டுவிட்டார்கள்.

சாயங்காலம் இருவரும் நடக்கப் போவார்கள். இடது கால் செருப்பு அடிக்கடி கழன்று தெருவிலேயே நின்றுவிடும். அவனுக்குத் தெரியாது, பேசிக்கொண்டே போய்க்கொண்டிருப்பான். அவள் குனியாமல், முழங்காலை மடக்கி உட்கார்ந்து அதை எடுத்துக்கொண்டு, "ஏங்க, கொஞ்சம் நில்லுங்க" என்பாள்.