லிஸ்பன் பார்க்கப் போன தெயோலிந்தா

பேருந்தின் முன்னிருக்கையில் ஒலிவாங்கியும் கையுமாகப் பங்குச் சாமியார். அவருக்குப் பின்னால் கோயில் பாடற்குழுப் பெண்கள் ஆறு பேர். நடுவே மீன் வடைச் சட்டிகளும் ஒயின் குடுவைகளும் ஆளுக்கொரு இருக்கை பிடித்திருந்தன. கடைசிக்கு முந்திய வரிசையில் சன்னலோரம் தெயோலிந்தா. அவளை அடைத்துக்கொண்டு நாத்தனார் ஸுல்மிரா. மலையூரிலிருந்து தலைநகரைப் பார்க்கக் கிளம்பிய முப்பத்தெட்டுப் பேரில் இவள் ஒருத்திதான் அதைப் பார்க்க வரவில்லை.

மகளைப் பார்க்க வந்தாள். மூன்று வருடத்துக்கு முன், கல்யாணமாகாமல் வயிற்றில் பிள்ளையோடு நின்ற ஒடெத்தைத் தகப்பன் வெளியே தள்ளித் தாழ்ப்பாள் போட்டான். "என் பிணத்தைத் தாண்டித்தான் உள்ள வரணும்" என்றான். இந்த வருடத் தவக்காலத்தில் அந்தப் பிணமும் வீட்டை விட்டுப் போயிற்று. மகளின் போன் எண் மாறியிருந்தது. பழைய கிறிஸ்துமஸ் வாழ்த்து உறையிலிருந்து கிழித்த முகவரி மட்டும் மிச்சம். அவன் செத்ததைத் தாளில் எழுதக் கூடாது, நேரில் சொல்லிப் பேரப்பிள்ளையை மடியில் வாங்க வேண்டும் என்று இந்தச் சுற்றுலாவுக்காக ஐந்து மாதம் காத்திருந்தாள்.

லிஸ்பனில், மடாலயத்தின் கல்வேலையை எல்லோரும் அண்ணாந்து பார்க்க, இவள் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"மூணுலேர்ந்து அஞ்சுவரை உங்க இஷ்டம்," என்றார் சாமியார். "அஞ்சுக்கு ஆத்தங்கரைச் சதுக்கத்துல வண்டி கிளம்பிடும். வராதவங்க நடந்தே ஊர் வந்து சேருங்க!"

"எங்க மதினி இந்த ஓட்டம்? ராஜா யாராச்சும் காத்திருக்காரா?" என்றாள் ஸுல்மிரா.

"கால் மரத்துப்போச்சு. சும்மா நடந்துட்டு வரேன்."

"எங்கண்ணன் உசுரோட இருந்தப்பகூட நீ இவ்வளவு வேகமா நடந்ததில்ல!"

மேட்டுத் தெருப் படிக்கட்டுகளில் ஏறி, முகவரியிலிருந்த பதினாலாம் எண் கதவை அடைந்தபோது மூன்றே முக்கால். அழைப்பு மணிகளில் பெயர்கள் இல்லை. கைப்பிடியில் எண் பூட்டுச் சாவிப்பெட்டிகள் நான்கு தொங்கின. சக்கரப் பெட்டி இழுத்து வந்த ஒரு ஜோடி, கைம்பெண்ணின் கறுப்பு உடுப்பும் கறுப்பு முக்காடுமாக நின்ற அவளை அழகாகப் படம் பிடித்துக்கொண்டு உள்ளே போயிற்று.

எதிர்ச் சன்னல்காரி துணி உலர்த்தியபடி சொன்னாள்: "கைக்குழந்தைக்காரியா? போன வருசமே காலி பண்ண வெச்சுட்டாங்க. இப்ப மேல கீழ எல்லாம் நாலு நாள் தங்க வர்ற பெட்டி இழுக்கிறவங்கதான். எங்க போனாளோ, கடவுளுக்கும் தபாலாபீசுக்கும்தான் தெரியும்."

தபாலாபீசில் முறை வரும்போது நாலரை.

"விலாசம் சொல்லக் கூடாதும்மா," என்றாள் எழுத்தர்.

"நான் அவளப் பெத்தவ."

"யாருக்குத் தெரியக் கூடாதுன்னு அந்தப் பொண்ணு நெனச்சாளோ, எனக்கு எப்படித் தெரியும்?" திரையைப் பார்த்தவளின் குரல் தணிந்தது. "பழைய விலாசத்துக்கு வர்ற கடுதாசியப் புது எடத்துக்கு அனுப்பச் சொல்லியிருக்காங்க. ஒரு வருசத்துக்கு. அது இன்னியோட முடியுது. இப்ப எழுதிக் குடுத்தா போகும். நாளைக்குன்னா உங்ககிட்டயே திரும்பி வரும்."

தெயோலிந்தா தாளும் உறையும் வாங்கினாள். பள்ளியில் படித்தபடி ஊர், தேதி, 'நலமாய் இருப்பாய் என நம்புகிறேன்' என்று எழுதுவதற்குள் பத்து நிமிடம் போயிற்று. அதைக் கசக்கி எறிந்தாள். அடுத்த தாளில் மூன்று வரி. நாக்கால் நனைத்து உறையை ஒட்டினாள்.

பின்பக்கம் அனுப்புநர் முகவரி எழுதும்போது கை நின்றது. தன்னைத் துரத்திய வீட்டு முகவரியைக் கண்டால் ஒடெத் பிரிப்பாளா? பிரிக்காமல் கிழித்துப் போட்டால்?

கைப்பைக்குள் போன் அதிர்ந்தது.

"எங்க மதினி இருக்கே? மணி அஞ்சாகப் போகுது, சாமியார் கொதிக்கிறார்!"

"போகச் சொல்லு," என்று அணைத்தாள்.

மூன்று வருடம் ஊருக்கே மறைத்த மகளுக்கு, தபால்காரன் முதல் தெருக்காரன் வரை படிக்கும்படி, ஒட்டிய உறைமேலேயே பெரிய எழுத்தில் எழுதினாள்: 'அப்பா இறந்துவிட்டார். கதவு திறந்திருக்கிறது. அம்மா.'

எழுத்தர் அதைப் படித்தாள். அன்றைய தேதி முத்திரையைக் குத்தி, உறையைப் பையில் போட்டு, பையின் வாயைக் கட்டினாள்.