பழகும் காலம்

நவம்பர் கடைசி சனிக்கிழமை என்றால் யோன்சுக் வீட்டில் குளிர்காலத்துக்குக் கிம்ச்சி ஊறுகாய் போடும் நாள். அவள் தம்பி ஜோங்பே வருஷம் தவறாமல் அன்றைக்குப் புச்சோனில் இருக்கும் அவள் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிடுவான். வேலை செய்ய வருகிறான் என்று அவன் சொல்லிக்கொள்வான். வேகவைத்த பன்றிக்கறியைப் புதுக் கிம்ச்சியில் சுருட்டித் தின்ன வருகிறான் என்பது எல்லோருக்கும் தெரியும்.

இந்த வருஷம் முப்பது முட்டைக்கோஸ். முந்தின நாளே உப்பில் ஊறி, தண்ணீர் வடிந்து, கூடத்து பிளாஸ்டிக் விரிப்பில் மலையாகக் கிடந்தன. அக்கா சிவப்புக் கையுறை மாட்டிக்கொண்டு இலை இலையாக மிளகாய் விழுது பூசிக்கொண்டிருந்தாள். அவள் பூசுகிற வேகத்துக்கு மூன்று பேர் எடுத்துக் கொடுத்தாலும் போதாது என்று ஊரே சொல்லும். இன்றைக்கு ஜோங்பே ஒருவனே எடுத்துக் கொடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தான். அப்புறம்தான் கவனித்தான், அவள் இடது கையால் பூசிக்கொண்டிருந்தாள்.

"ஏன்க்கா, வலது கைக்கு லீவா?"

"கட்டைவிரல் அடியில சுரீர்னு இழுக்குதுடா."

அடுப்பில் கறியைப் பார்த்துக்கொண்டிருந்த அவள் புருஷன் மன்சிக் அங்கிருந்தே குரல் கொடுத்தார். "மூணு மாசமா இதே பாட்டுதான் மாப்ள. பாட்டில் மூடி திறக்கக்கூட என்னைத்தான் கூப்பிடுறா. அந்த மவுஸைத் தூக்கிக் குப்பையில போடுன்னா கேட்டாத்தானே?"

"நீங்க சும்மா இருங்க. மவுஸ் என்ன பண்ணும்? என் கை சரியில்ல. மேசை மாமா ஒரு மாசம் அதை வச்சுப் பாத்துட்டுத்தானே எழுதியிருக்காரு."

ஜோங்பே கையிலிருந்த முள்ளங்கி நழுவித் தட்டில் விழுந்தது. மேசை மாமா அவன்தான்.

விஷயம் அவன் மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாது. வேறு வருமானம் பார்த்தால் சீட்டைக் கிழித்துவிடும் அலுவலகம் அவனுடையது. அதனால் ஐந்து வருஷமாக இந்தப் பெயருக்குள் ஒளிந்துகொண்டு வலைப்பூ எழுதுகிறான். விசைப்பலகை, மேசை விளக்கு, மவுஸ், நாற்காலி. படிக்கிறவர்களை அங்கே அண்டை வீட்டார் என்பார்கள். மேசை மாமாவுக்கு நாலாயிரம் அண்டை வீட்டார். அவர்களில் யாராவது கருத்து எழுதினால் போனில் வாசல் மணி அடிக்கும்படி வைத்திருந்தான். அந்தச் சத்தம் கேட்டால் அவனுக்கு ஒரு குஷி.

ஆகஸ்டில் ஒரு பதிவு போட்டான். 'வீட்டுக் கம்ப்யூட்டருக்கு எந்த மவுஸ் நல்லது?' என்று தலைப்பு. அதற்குக் கீழே, 'என் காசில் நான் வாங்கினது'. இந்த நாலு வார்த்தை இல்லாவிட்டால் இப்போது ஒருத்தரும் நம்புவதில்லை. அது கம்பெனிக்காரர்களுக்கும் தெரியும். அதனால் ஓசியில் மவுஸை அனுப்பி, கூடவே ஒரு தாளையும் வைத்திருந்தார்கள். நாலு வார்த்தையை மறக்க வேண்டாம், ஒரு மாதம் பயன்படுத்தியதாகச் சொல்லவும், முதலில் வலித்தால் அது பழகும் காலம் என்று விளக்கவும். மூன்றையும் அவன் சமர்த்தாகச் செய்தான். மவுஸைத் தொட்டது அரை மணி நேரம். அதில் காப்பிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்ததற்கே பத்து நிமிஷம் போயிற்று. பிறகு அது இழுப்பறைக்குள் போய்விட்டது. மருந்தா மாத்திரையா, வெறும் மவுஸ்தானே என்று அவன் மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டான். சுலபமாகவே சமாதானம் ஆகிற மனசு அது.

"எங்கக்கா அந்த மவுஸ்? காட்டு" என்றான்.

அவள் கையுறையைக் கழற்றிவிட்டு அவனை உள்ளறைக்குக் கூட்டிப்போனாள். மேசையில் இருந்தது. கை குலுக்குவதுபோல் பக்கவாட்டில் பிடிக்கிற மாதிரி, கறுப்பாக, ஒரு பெரிய உருளைக்கிழங்கு அளவுக்கு. அக்காவின் வேலை துணிக்கடைகளுக்குப் படம் வெட்டுவது. சட்டை, பாவாடை, கோட்டு, எல்லாவற்றையும் ஓரம் பிசகாமல் சுற்றிவந்து பின்னணியை நீக்க வேண்டும். ஒரு நாளைக்கு எண்பது படம். ஒரு படத்துக்கு எத்தனை சொடுக்கு என்று எண்ணினால் தலை சுற்றும். முன்னே எண்பது, இப்போது முப்பதைத் தாண்டுவதில்லை, இப்படியே போனால் கடைக்காரர்கள் வேறு ஆள் பார்த்துவிடுவார்கள் என்று அவளே சொன்னாள்.

"கையைக் குடு."

தன் உள்ளங்கையோடு அவள் உள்ளங்கையைச் சேர்த்துப் பார்த்தான். அவள் விரல் நுனி அவனுடைய விரலின் கடைசி மடிப்பைக்கூடத் தொடவில்லை. அவன் கைக்கே நிறைந்து வழிகிற மவுஸ் அது. அதில் பக்கப் பொத்தானை எட்ட அவள் ஒவ்வொரு தடவையும் கட்டைவிரலை இழுத்து நீட்டியிருக்க வேண்டும். மவுஸ் வாங்குகிறவன் முதலில் கையை அளக்க வேண்டும் என்பது அரிச்சுவடி. அது மேசை மாமாவுக்கு நன்றாகவே தெரியும். ஆனால் அந்த மவுஸ் ஒரே அளவில்தான் வந்தது. கையை அளக்கச் சொன்னால் பாதிப்பேர் வாங்க மாட்டார்கள். அதனால் எழுதவில்லை. மறந்துபோய் விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. தெரிந்தே விட்டான்.

"இதை விட்டுடுக்கா. நான் உனக்குச் சின்னதா ஒண்ணு வாங்கித் தரேன்."

"உனக்கு என்னடா தெரியும் மவுஸைப் பத்தி? மேசை மாமா ரிட்டயர்டு வாத்தியாரா இருப்பாரு, எழுத்தைப் பாத்தாலே தெரியுது. சொந்தக் காசு போட்டு வாங்கி, சொந்தக் கையால பாத்துச் சொல்ற மனுஷன். உன்னை மாதிரியா? கிம்ச்சி போடுறேன்னு வந்து கறியைத் தின்னுட்டுப் போற ஆளு."

"அவரு சொன்னா வேதமா?"

"நான் கேட்டே பாத்தேன்டா. கை சின்னது, ரெண்டு வாரமா எரியுது, நிறுத்திடவான்னு. பெரிய மனுஷன், மதிச்சுப் பதில் போட்டாரு." அக்கா மனப்பாடமாகச் சொன்னாள். "'வலி பழகும் காலத்தின் அடையாளம். இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், அன்பு அண்டை வீட்டாரே. விட்டுவிடாதீர்கள், ஃபைட்டிங்!' கடைசியில மடக்கின முஷ்டி படம் வேற."

மெட்ரோ ரயிலில் நின்றுகொண்டே, இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில், கேட்ட எல்லோருக்கும் ஒட்டிவிட்ட பதில் அது. யார் கேட்டார், என்ன கேட்டார் என்று அவன் படித்ததே இல்லை. அவர்களில் ஒருத்தி அக்கா. அவளும் அவன் சொல்லைக் கேட்டு மூன்று மாதமாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். ஜோங்பேக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"நல்ல வேளை வந்த" என்றாள் அவள். "இந்தக் கையோட இப்ப டைப் அடிக்க முடியல. நீ உக்காரு, நான் சொல்லச் சொல்ல அவருக்கு ஒரு கமெண்ட் போடு."

உட்கார்ந்தான். திரையில் அவன் பதிவு, அவன் காப்பிக் கோப்பை. கருத்துப் பெட்டியில் 'மாடிப் பேரிக்காய்' என்று அவள் புனைபெயர். அக்கா பின்னால் நின்று சொன்னாள், அவன் அடித்தான்.

"வணக்கம் மேசை மாமா ஐயா. மூணு மாசம் பொறுத்துட்டேன். இப்ப அரிசி களையவே முடியல. தப்பா நினைக்காதீங்க, பழகும் காலம் எப்ப முடியும்னு மட்டும் சொன்னீங்கன்னா, அதுவரைக்கும் பொறுத்துக்குவேன்."

அனுப்பு பொத்தானில் அம்பு வந்து நின்றது. அப்போதுதான் கால்சட்டைப் பையிலிருந்த போன் ஞாபகம் வந்தது. இடது கையை உள்ளே விட்டான். சத்தத்தை நிறுத்தும் பொத்தான் விரலில் தட்டுப்பட்டது. ஒரு அமுக்கு அமுக்கினால் போதும். திங்கட்கிழமை மேசை மாமா பதில் போடுவார், உடனே நிறுத்துங்கள் என்று. தம்பி ஒரு சின்ன மவுஸ் வாங்கித் தருவான். அக்கா இரண்டு பேரையும் புகழ்வாள். எவ்வளவு சுத்தமாக முடிந்துவிடும்! அந்தச் சுத்தம்தான் அவனுக்கு உறுத்தியது. நாற்காலி முதுகைப் பிடித்திருந்த அவள் கட்டைவிரலில், ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு வலிப் பிளாஸ்திரி.

கையை வெறுமனே வெளியே எடுத்தான். அனுப்பினான்.

டிங் டாங்.

"ஏங்க, வாசல்ல யாரோ பாருங்க" என்றாள் அக்கா.

மன்சிக் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "யாரும் இல்லையே" என்றார்.

"சரி விடுங்க" என்றுவிட்டுத் தம்பியிடம் திரும்பினாள். "அடடா, நன்றி சொல்ல மறந்துட்டோம். நன்றின்னு இன்னொண்ணு போடு."

போட்டான். டிங் டாங். இந்தத் தடவை அக்கா வாசலைப் பார்க்கவில்லை. அவன் கால்சட்டைப் பையைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள்.

"நீயாடா?"

"ஆமாக்கா."

"வாய் இருக்குல்ல உனக்கு? உன் போன்தான் வந்து சொல்லணுமா?"

அவன் போனை எடுத்து மேசையில் வைத்தான்.

"ஒரு மாசம் வச்சுப் பாத்தேன்னது?"

"அரை மணி நேரம்."

"சொந்தக் காசு?"

"ஓசியில வந்தது."

"பழகும் காலம்?"

"அவங்க எழுதச் சொன்னாங்க."

கத்துவாள் என்று எதிர்பார்த்தான். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் தன் வலது கையைத் தூக்கி, யாரோ தெரியாதவர் கையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"நான் இதைத் திட்டிட்டு இருந்தேன்டா, மூணு மாசமா. ஊர்ல எல்லாருக்கும் பழகுது, உனக்கு மட்டும் என்ன கேடுன்னு."

"மன்னிச்சிடுக்கா. இப்பவே அந்தப் பதிவை அழிச்சிடறேன்."

"அழிச்சா? மத்தவங்களுக்கு எப்படித் தெரியும்? அவங்க பாட்டுக்குப் பொறுத்துட்டே இருப்பாங்க. எத்தனை பேருக்குச் சொன்ன இதையே?"

கருத்துகளை மேலிருந்து கீழே எண்ணினான். "உன்னைச் சேர்த்து முப்பத்தாறு."

"எனக்கு வேண்டாம். மிச்சம் முப்பத்தஞ்சு பேருக்கும் பதில் எழுதிட்டு வெளிய வா. ஒட்டுற வேலை வேண்டாம், ஒவ்வொருத்தரும் என்ன கேட்டிருக்காங்கன்னு படிச்சு எழுது. அந்த மவுஸை வச்சே."

கதவைச் சாத்திக்கொண்டு போனாள். அக்காவின் கணக்கிலிருந்து வெளியே வந்து மேசை மாமாவாக உள்ளே நுழைந்தான். முதலில் அந்த நாலு வார்த்தையை எடுத்தான். இது எனக்கு ஓசியில் வந்தது, அரை மணி நேரம்தான் தொட்டேன் என்று அதே இடத்தில் எழுதினான். அலுவலகத்துக்குத் தெரிந்தால் தெரியட்டும். பிறகு ஒவ்வொருவராகப் படித்தான். குழந்தைக்குப் பாலூட்ட முடியவில்லை என்று ஒருத்தி எழுதியிருந்தாள். மொழிபெயர்க்கிறவர் ஒருவர், வயலின் படிக்கும் பிள்ளை ஒன்று. எல்லோருடைய கேள்விக்குக் கீழேயும் அவனுடைய முஷ்டிப் படம் இளித்துக்கொண்டிருந்தது. நிறுத்திவிடுங்கள் என்று எழுதினான். மணிக்கட்டுக் கோட்டிலிருந்து நடுவிரல் நுனிவரை அளந்து பாருங்கள், பதினேழு சென்டிமீட்டருக்குக் குறைந்தால் இது உங்களுக்கு ஆகாது, கடையில் பிடித்துப் பார்த்து வாங்குங்கள், வலி உங்கள் கையின் குற்றம் இல்லை, பொய் சொன்னது நான்.

இருபதாவது பதிலில் கட்டைவிரல் அடியில் ஏதோ இழுத்தது. முப்பதாவதில் எரிந்தது. ஜன்னல் வெயில் மேசையை விட்டுத் தரைக்கு இறங்கியிருந்தது. கடைசிப் பதிலையும் அனுப்பினான்.

அக்கா ஒரு தட்டுடன் வந்தாள். கிம்ச்சியை இடது கையால் நீளமாகக் கிழித்து, கறித்துண்டைச் சுருட்டி, வழக்கம்போல அவன் வாயில் திணித்தாள்.

"முடிஞ்சுதா?"

வாய் நிறைய இருந்ததால் தலையாட்டினான்.

"வலிக்குதா?"

"வலிக்குதுக்கா."

"பழகும் காலம்டா. கொஞ்சம் பொறுத்துக்கோ. ஃபைட்டிங்!"

சொல்லிக்கொண்டே, அவன் போட்ட படத்தில் இருக்கிற மாதிரி முஷ்டியை மடக்க வலது கையைத் தூக்கினாள். நாலு விரல் மடங்கிற்று. கட்டைவிரல் மடங்கவில்லை.