திரும்பி நிற்கும் கிளிகள்

வந்தவர் கல்யாண ஆல்பம் எதையும் புரட்டவில்லை. நேராக மேசைக்கு வந்து தன் செல்போனை நீட்டி, இந்தப் படம் நீங்கள் எடுத்ததா என்று கேட்டார். நீலக் கதவு, மஞ்சள் சுவர், ஈர வாசலில் கிளிக்கோலம், நடுவில் ஒரு பூசணிப் பூ, ஓரத்தில் கோலமாவு இழைக்கும் ஒரு பெண்ணின் கை. தமிழ்மாறனுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. மதுரை காளவாசலில் ஸ்டுடியோ போட்ட நாளிலிருந்து, அவன் எடுத்த மலைப் படத்துக்காக ஒருவர் மாடிப்படி ஏறி வந்தது இதுதான் முதல் தடவை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னான். உள்ளே ஆல்பம் வடிவமைத்துக்கொண்டிருந்த மனைவி சரண்யாதேவியிடம் டீக்கும் சொன்னான்.

மார்கழி வந்தால் கல்யாணப் படக்காரனுக்கு ஈயோட்டுவதுதான் வேலை. முகூர்த்தமே கிடையாது. மற்றவர்கள் லென்ஸைத் துடைத்துக்கொண்டு வீட்டில் திட்டு வாங்குவார்கள். தமிழ்மாறன் கோரிப்பாளையத்து நண்பன் நஜீமைக் கூட்டிக்கொண்டு கொடைக்கானல் ஏறிவிடுவான். ஏரியையும் பூங்காவையும் ஊரே எடுத்துத் தேய்த்துவிட்டது. இவர்கள் இருவரும் பழைய தெருக்களில், சரிவில் ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்கிற வீடுகளுக்கு நடுவே அலைவார்கள். பச்சை, ரோஸ், கத்தரிப்பூ என்று ஆளுக்கொரு வண்ணம் அடித்த சுவர்கள், பனி விலக விலக ஒவ்வொன்றாக வெளியே வரும். விரல் மரத்துப்போய் அதற்காகக் காத்து நிற்பதில் அவனுக்கு அப்படி ஒரு சுகம். இன்ஸ்டாகிராமில் போடும்போது ஊர்ப் பெயரை மட்டும் சொல்லமாட்டான். 'எந்த ஊர், சொல்லுங்க பார்ப்போம்' என்று எழுதுவான். அப்படி எழுதினால்தான் நாலு பேர் நின்று பேசுவார்கள் என்பது அவன் கண்டுபிடித்த தொழில் ரகசியம்.

இந்தப் படம் எடுத்த அன்றைக்கு அந்தப் பெண், "மூஞ்சி வேணாண்ணே" என்றுதான் முதலில் சொன்னாள். பேச்சில் மதுரை மணத்தது. எந்த ஊர் என்று நஜீம் கேட்டதும் பூசணிப் பூவை எடுத்துக் கோலத்தின் நடுவில் வைத்தாள். உள்ளிருந்து எட்டிப் பார்த்த அவள் புருஷன் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தான். கையும் கோலமும் மட்டும்தான் என்று தமிழ்மாறன் வாக்குக் கொடுத்தான். கொடுத்த வாக்கைக் காப்பாற்றியதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

வந்தவர் டீயை வாங்கி ஒரு மடக்குக் குடித்துவிட்டு, படத்தில் கோலத்தை மட்டும் விரலால் பெரிதாக்கினார்.

"இந்தக் கிளிகளப் பாருங்கண்ணே. எல்லாரும் ரெண்டும் ஒண்ணையொண்ணு பாக்குற மாதிரிதான் போடுவாய்ங்க. எங்கம்மா மட்டும் ஆளுக்கொரு பக்கம் திருப்பி விட்டுரும். அதுகிட்ட அந்தக் கோலத்தக் கத்துக்கிட்டது எங்க பாண்டிச்செல்வி ஒருத்திதான்."

பாண்டிச்செல்வி அவருடைய தங்கை. போன வருஷம் வீட்டில் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தபோது, வேறு தெருப் பையனோடு போய்விட்டாளாம். அம்மா படுத்த படுக்கையாகக் கிடக்கிறாளாம். மகளை ஒரு தடவை பார்த்துவிட்டால் போதுமாம். படத்துக்குக் கீழே ஆளாளுக்கு ஊட்டி, மூணாறு, ஏற்காடு, கொடைக்கானல் என்று எழுதியிருப்பதால் எங்கே போய்த் தேடுவதென்று தெரியவில்லை என்றார். குரலை உயர்த்தவே இல்லை. கடைசியில், "நாங்க ஒண்ணும் செய்யமாட்டோம். நீங்க பயப்படாதீங்கண்ணே" என்றார்.

அவர் அதைச் சொல்லும்வரை தமிழ்மாறனுக்குப் பயமில்லை. சொன்ன பிறகுதான் வந்தது. அவன் பிறந்தது, அப்பா காலம்வரை அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்ற தெருவில். அந்தத் தெருப் பையன் ஒருவனை நம்பி வந்த பெண்ணையும் இப்படித்தான், அம்மா சாகக் கிடக்கிறாள் என்று சொல்லிக் காரில் கூட்டிப்போனார்கள். அந்த அம்மா இன்றைக்கும் நடமாடுகிறாள். அந்தப் பெண்ணைத்தான் அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை.

"ஊட்டிண்ணே" என்றான்.

"ஊட்டியா. சரிண்ணே."

எந்தத் தெரு, எந்தப் பக்கம் என்று ஒரு கேள்வி கிடையாது. படத்தைப் பெரிதாகப் போட்டுச் சட்டம் மாட்டி வைக்கச் சொல்லிவிட்டு இறங்கிப்போனார். கீழே ஒரு வெள்ளைக் கார். முன்கண்ணாடியில் 'அன்னையின் ஆசி' என்று சிவப்பில் எழுதியிருந்தது. அது கிளம்பித் திரும்பி மறையும்வரை தமிழ்மாறன் ஜன்னலோரம் நின்றான். பொய் பலித்துவிட்டது என்றே நினைத்தான். முதலில் படத்தை இன்ஸ்டாகிராமிலிருந்து எடுத்தான். அந்தப் பெண்ணின் நம்பரைக் கேட்டு வாங்காத தன் நாகரிகத்தை நொந்துகொண்டான். சரண்யாதேவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"இன்னைக்கு இல்லாட்டி நாளைக்குக் கண்டுபிடிச்சிருவாய்ங்க. முன்னாடியே நீங்க போயிச் சொல்லிருங்க" என்றாள்.

வழக்கம்போல் கேமராப் பையை மாட்டிக்கொண்டு பைக்கை எடுத்தான். சமயநல்லூர், வாடிப்பட்டி, நிலக்கோட்டை என்று ஊர்கள் போனது தெரியவில்லை. அவளிடம் எப்படிச் சொல்வது என்பதே ஓடிக்கொண்டிருந்தது. உன் முகத்தை நான் எடுக்கவில்லையம்மா என்று ஆரம்பிப்பதா? அவளுக்கு அதனால் என்ன பிரயோசனம்?

வத்தலக்குண்டில் ஒரு டீக்கடையில் நிறுத்தினான். கிளாஸை வாயில் வைத்தபோது, கொஞ்சம் தள்ளிப் புளியமரத்தடியில் அந்த வெள்ளைக் கார் நின்றது. 'அன்னையின் ஆசி.' யாரும் இறங்கவில்லை. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் ஏன் தெருப் பெயர் கேட்கவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. வாய்ப் பதில் அவருக்குத் தேவையே இல்லை. படம் எடுத்தவன் பதறியடித்துக்கொண்டு எங்கே ஓடுகிறானோ, அதுதான் ஊர். கிளாஸைக் கீழே வைக்கும்போது டீ சிந்திக் கையைச் சுட்டது. மலையில் தாழிட்ட நீலக் கதவுக்குப் பின்னால் அவள் இந்நேரம் உலை வைத்துக்கொண்டிருப்பாள். அவளிடம் இவர்களை அழைத்துக்கொண்டு போவது தான்தான் என்பது தமிழ்மாறனுக்கு உறைத்தது. பெஞ்சில் உட்கார்ந்து, சிரித்துப் பேசுகிறவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு மனைவிக்குப் போன் செய்தான்.

"நஜீமை ஆரப்பாளையத்துல கொடைக்கானல் பஸ் ஏறச் சொல்லு. வீடு அவனுக்குத் தெரியும். அவுகள உடனே அங்கருந்து கெளம்பச் சொல்லணும்."

"நீங்க எங்க போறீங்க?"

"நான் மூணாறு போறேன்."

 பின்னால் யாராவது வருகிறார்களா என்று மட்டும் அவள் கேட்டாள். ஆமாம் என்றான்.

கொடைக்கானல் சாலை வலப்பக்கம் பிரியும் இடம் வந்தது. போடி வழியாக மூணாறு போகிறவர்கள் அங்கே திரும்பாமல் நேரே போகவேண்டும். கழுத்து தானாக வலப்பக்கம் திரும்பப் பார்த்தது. திருப்பாமல் பிடித்துக்கொண்டு நேரே போனான். கண்ணாடியில் கார் ஒரு கணம் தயங்கியது. பிறகு அதுவும் நேரே வந்தது. அவனுக்கு நிம்மதியும் பயமும் ஒரே நேரத்தில் வந்தன.

வேகமாகவும் போகக்கூடாது, சந்தேகம் வருகிற மாதிரி மெதுவாகவும் போகக்கூடாது. நஜீமின் பஸ் இப்போதுதான் ஆரப்பாளையத்தை விட்டிருக்கும். அது மலையேறும்வரை இவர்களை இந்தச் சாலையிலேயே வைத்திருக்கவேண்டும். தேவதானப்பட்டி தாண்டி ஒரு கண்மாய்க்கரையில் பைக்கை நிறுத்திப் பையிலிருந்து கேமராவை எடுத்தான். ஊர் சுற்றிப் படம் எடுப்பவன் நல்ல வெளிச்சத்தைக் கண்டால் நிறுத்தத்தான் செய்வான். இதை யாரும் சந்தேகப்பட முடியாது.

கார் பின்னால் வந்து நின்றது.

கேமராவைக் கண்ணில் வைத்தான். கண்மாய்த் தண்ணீருக்கு அந்தப்புறம் மலை முழுசாக நின்றது. உச்சியிலிருந்து பனி இறங்கிக்கொண்டிருந்தது.  பின்னால் கார்க் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. சரளையில் செருப்புச் சத்தம் நெருங்கி வந்தது. தமிழ்மாறன் கண்ணை எடுக்கவில்லை. பனி இறங்கி, மலைமேல் இருந்த ஊரை மூடும்வரை பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தான்.