மாலை வகுப்பை மூடப் போன டீன்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும் என்பது நான் பாடம் நடத்தும் மேலாண்மைப் பள்ளி முழுக்கத் தெரியும். அதனாலேயே என்னை எந்தக் கமிட்டியிலும் போட மாட்டார்கள். இந்த முறை ஆள் பற்றாக்குறை, போட்டுத் தொலைத்தார்கள். எங்களுடையது இயேசு சபைத் துறவிகளின் பல்கலைக்கழகம். பள்ளியின் நோக்கத்தையும் முன்னுரிமைகளையும் திருத்தி எழுதச் சொல்லி மேலிடத்து உத்தரவு.

நோக்கத்தில் யாரும் கை வைக்கவில்லை. ‘பிறருக்காக வாழும் மனிதர்களை உருவாக்குவது’ என்ற பழைய வாக்கியம் அலுங்காமல் குலுங்காமல் முதல் பக்கத்திலேயே இருந்தது. முன்னுரிமைகளில்தான் புகுந்து விளையாடியிருந்தார்கள். ஆராய்ச்சி, உலகத் தரவரிசை, பெரிய நிறுவனங்களோடு ஒப்பந்தம் என்று அடுக்கிவிட்டு, பகலில் வேலைக்குப் போகிறவர்கள் படிக்கும் மாலை வகுப்பைக் கழற்றிவிட்டிருந்தார்கள்.

கூட்டத்துக்குத் தலைமை டீன். படிக்கிற காலத்தில் நான் அவனுக்கு வைத்த பெயர் ‘தந்தி’. சொல்லுக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்டுகிறவன் போலத்தான் எப்போதும் பேசுவான்.

“மாலை வகுப்பு இந்த வருஷத்தோட சரி. பசங்களுக்கு மெயில் போயிடும்” என்றான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவனும் நானும் அந்த மாலை வகுப்பில் படித்தவர்கள். தொலைபேசி நிலையத்தில் நாள் முழுக்க ‘லைன்ல இருங்க’ சொல்லிவிட்டு, கம்மிய தொண்டையோடு நான் ஓடி வருவேன். அவன் டயர் கடையிலிருந்து வருவான். எத்தனை முறை கழுவினாலும் நகத்துக்குள் கறுப்பு போகாது. வராந்தாவில் ஒரு காபி மெஷின் இருந்தது. மனம் வந்தால் காபி கொடுக்கும், இல்லாவிட்டால் வெந்நீர். மூன்றாவது பெஞ்சில் ஒரு தபால்காரர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவார். என் வாழ்நாளில் அவ்வளவு களைத்ததும் அந்த அறையில்தான், அவ்வளவு சந்தோஷப்பட்டதும் அந்த அறையில்தான். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் இன்றைக்கும் நெஞ்சு இளகிவிடுகிறது.

அந்த வகுப்புக்கு ஒரு வழக்கம் உண்டு. ஏதாவது ஒரு நஷ்டக் கம்பெனியின் கதையைக் கொடுத்து, நீங்கள் முதலாளியாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்பார்கள். ஆளைக் குறைப்பேன் என்று பதில் சொன்னால், உடனே எழுந்து நின்று, எதிரே ஒருவரைத் தொழிலாளியாக நிறுத்தி, முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல வேண்டும். எங்களுக்குள் அதற்கு ‘எழுந்து சொல்றது’ என்று பெயர். தபால்காரர் என்னை ஒருநாள் வேலையை விட்டு நீக்கினார். அவர் சொன்ன அழகில் நான் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். தந்தியின் முறை வந்தால் மட்டும் வகுப்பே நிமிரும். “வேலை இல்லை. வருந்துகிறேன்.” அதோடு முடித்துக்கொள்வான்.

“மெயிலா?” என்றேன். “நீ எந்த வகுப்புல படிச்சவன்? போய் எழுந்து சொல்லுடா.”

கமிட்டி நெளிந்தது. அங்கே டீனை யாரும் ‘டா’ போட்டதில்லை.

“சரி, இன்னைக்கே” என்றான்.

அன்று மாலையே போனோம். பெஞ்சுகளை மாற்றியிருந்தார்களே தவிர முகங்கள் அதே மாதிரிதான். சீருடையோடு ஒரு பஸ் டிரைவர், தலையில் மாவு படிந்த ஒரு பேக்கரிக்காரர், டியூட்டி முடிந்து நேரே வந்திருந்த ஒரு நர்ஸ். தந்தி எழுந்து நின்று, ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து, மென்று விழுங்காமல் சொன்னான். வகுப்பு இந்த வருடத்தோடு நிற்கிறது. இப்போது படிக்கிறவர்கள் முடித்துவிட்டுப் போகலாம். புதிதாக யாரையும் சேர்ப்பதில்லை.

“நேர்ல வந்து சொன்னீங்களே, அதுவே பெருசு சார்” என்றார் டிரைவர். ‘போதுமா?’ என்பதுபோல் தந்தி என்னைப் பார்த்தான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

நர்ஸ் எழுந்தாள்.

“சார், எங்களுக்கு ஒண்ணுமில்ல. என் தங்கச்சிதான் அடுத்த வருஷம் சேரணும்னு குதிச்சிட்டிருக்கா. துணிக்கடையில வேலை, நாள் பூரா நிக்கணும். நான் சொன்னா நம்ப மாட்டா. அவகிட்டயும் நீங்களே சொல்லிடுறீங்களா?”

குத்தலாக அவள் அதைச் சொல்லவில்லை. அதற்குள் போனைப் போட்டு, ஸ்பீக்கரையும் திறந்து, டீனின் கையில் கொடுத்துவிட்டாள்.

“என்னக்கா, கிளாஸ் இல்லையா?”

“நான் டீன் பேசுறேம்மா.”

“டீனா? சார்! நீங்களே கூப்பிடுறீங்களா? எனக்கு சீட் கிடைச்சிடுச்சா சார்?” பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. “ஏய், எனக்கு சீட் கிடைச்சிடுச்சு! டீனே போன் பண்றாரு!” என்று யாரிடமோ கத்தினாள். கடைப் பெண்கள் கைதட்டுவது எங்கள் அறை முழுக்கக் கேட்டது.

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். தந்தி போனையும் நர்ஸையும் மாறி மாறிப் பார்த்தான். நெற்றி வியர்த்துவிட்டது.

“ஆமாம்மா, கிடைச்சிடுச்சு” என்றான். “நல்லா படிக்கணும்.”

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, முதல் பெஞ்சில் டிரைவரை நகரச் சொல்லி உட்கார்ந்தான். பக்கத்தில் நின்ற எனக்குக் கண்ணிலிருந்து கொட்ட ஆரம்பித்துவிட்டது. அவன் மெல்ல என் பக்கம் சாய்ந்தான்.

“கமிட்டிக்கு மெயில் போதுமில்ல?”