பன்னிரண்டு அடி வட்டம்

கிணற்றுக்கும் மதிலுக்கும் நடுவே பன்னிரண்டரை அடி இருந்தது. டேப்பின் ஒரு நுனியை ஹஃப்ஸா பிடித்திருந்தாள். மறுநுனி அவள் கணவனின் அக்கா ரசியா பேகத்திடம். கணவன் நௌஷாத் குவைத்திலிருந்து வீடியோ காலில் பார்த்துக்கொண்டிருந்தான். போன் துவைகல்லில் சாய்ந்திருந்தது.

அவர்களுடைய ஏழு வயது மகள் நஜ்மாவுக்கு இன்னும் பேச்சு வரவில்லை. குதிப்பாள். இரண்டு கட்டில்களின் பலகை போய்விட்டது. வீட்டிலேயே ஒரு ட்ராம்போலின் போடுங்கள், குதித்தால் அடங்குவாள் என்று கும்பகோணத்து டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

"செவ்வகம் வாங்கிடலாம்," என்றான் நௌஷாத். "ஏழுக்குப் பத்து. கிணத்தோரமா போட்டா இந்தப் பக்கம் நடக்க வழி இருக்கும்."

"அது தூக்கித் தூக்கி எறியுமாம்," என்றாள் ஹஃப்ஸா. " வித்தை காட்டுறவங்களுக்குத்தான் அது."

"அப்ப ஓவல்?"

"வட்டம்தாங்க. எந்த ஓரத்துல குதிச்சாலும் புள்ளைய நடுவுக்கே கொண்டுவந்து விடும். டாக்டரம்மாவும் அதான் சொன்னாங்க. பன்னெண்டடி இருக்கு."

"பன்னெண்டடிய போட்டா மதில் கதவு அடைபட்டுப் போவுமே. ரசியா லாத்தா பறந்தா வரும்?"

ரசியா பேகம் சிரித்தாள். "என்னைய ஏத்தி விடுங்கடா. ஒரே குதியில இந்தப் பக்கம் வந்து விழுந்துர்றேன்."

ஹஃப்ஸா சிரிக்கவில்லை.

மதிலில் இருந்த கதவு ரசியாவின் கொல்லைக்குத் திறக்கும். அந்தத் தெருவில் எல்லாக் கொல்லைகளுக்கும் அப்படி ஒரு கதவு உண்டு. பெண்கள் தெருவில் இறங்காமல், தலையில் துப்பட்டி போடாமல், கையில் குழம்புக் கிண்ணத்தோடு போய்வருவார்கள். பகலில் தாழ் போடுவதில்லை. போட்டால் அந்த வீட்டோடு பேச்சை முறித்ததாக அர்த்தம். கோடி வீட்டில் அப்படித்தான் போட்டார்கள். அந்த அக்காவும் தங்கையும் இன்றுவரை பேசுவதில்லை.

ஆற்றில் தண்ணீர் விட்ட மறுநாள் நஜ்மா அந்தக் கதவு வழியாகப் போயிருந்தாள். ரசியாவின் வீட்டைக் கடந்து, திறந்து கிடந்த வாசலைக் கடந்து, சாலைக்கு அப்பால் வாய்க்காலுக்கு. நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்ச்ச வந்த தியாகேசன்தான் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி அவளைத் தூக்கிவந்தார். பாவாடையில் சேறு. யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று ஹஃப்ஸா அவரிடம் கேட்டுக்கொண்டாள். அவரும் சொல்லவில்லை.

"வட்டம்தான் வேணும்னா எட்டடி வாங்கு," என்றான் நௌஷாத். "அதுவும் வட்டந்தானே. கதவும் தப்பிக்கும்."

"எட்டடி பத்தாது."

"ஒத்தப் புள்ளைக்கா? கூட நீயும் குதிக்கப் போறியா?"

"பத்தாதுங்க."

"ஏன்னு சொல்லு."

டேப் ஆடியது. ரசியா மறுநுனியை இறுக்கிப் பிடித்தாள். அவள் முகத்தில் இன்னும் சிரிப்பின் மிச்சம் இருந்தது.

"கதவு அடைபடணும்," என்றாள் ஹஃப்ஸா.

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். தியாகேசனை, சேற்றை, பதினேழு நாளாகத் தான் கொல்லையிலேயே உட்கார்ந்திருப்பதை. திறந்து கிடந்த வாசலை மட்டும் சொல்லாமல் விட்டாள்.

போனில் நௌஷாத் அசையாமல் இருந்தான். படம் உறைந்துவிட்டதோ என்று அவள் பார்த்தாள். அவன் கண் சிமிட்டினான்.

"அன்னைக்கு கேஸ் சிலிண்டர்காரன் வந்தான்," என்றாள் ரசியா. "வாசலை நாந்தான் சாத்தல."

"உங்கள நான் எதுவும் சொல்லல மச்சி," என்றாள் ஹஃப்ஸா நாத்தனாரிடம்.

"அதான். தாழ் போடுங்கன்னு ஒரு வார்த்தை சொல்ல முடியல. ட்ராம்போலின் வச்சு அடைக்கப் பாத்திருக்க."

"சொல்லியிருந்தா நீங்க என்னோட பேசியிருப்பீங்களா?"

ரசியா டேப்பை விட்டாள். அது சர்ரென்று ஹஃப்ஸாவின் கைக்கு ஓடி வந்தது. ரசியா கதவைக் கடந்து அந்தப் பக்கம் போனாள். கதவு சாத்தப்பட்டது. துருப்பிடித்த தாழ் இரண்டு முறை சிக்கி, மூன்றாவது முறை விழுந்தது.

"என்ன சத்தம்?" என்றான் நௌஷாத்.

"தாழ் போட்டுட்டாங்க."

"கோவமா?"

"தெரியல."

நஜ்மா போய்க் கதவைத் தள்ளினாள். திறக்கவில்லை. உள்ளங்கையால் அடித்தாள். பிறகு நெற்றியால். ஹஃப்ஸா அவளைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். மதிலுக்கு அந்தப் பக்கம் ஆள் நிற்பதும் தெரியவில்லை, போவதும் கேட்கவில்லை.

"எட்டடியே போடுங்க," என்றாள் போனைப் பார்த்து.

மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு வாசலில் பெல் அடித்தது. ரசியா துப்பட்டி போர்த்தி, செருப்பு போட்டு, தெருவைச் சுற்றி வந்திருந்தாள். கையில் கிண்ணம் இல்லை. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்து நாற்காலிகளைப் பார்த்தபடி நின்றாள்.

"உட்காருங்க மச்சி," என்றாள் ஹஃப்ஸா.

கல்யாணமாகி வந்த பதினோரு வருடத்தில் ரசியாவிடம் அப்படிச் சொல்ல நேர்ந்ததில்லை.