எட்டாவது கால்சட்டை

சுகுணாவின் மடியில் கிடந்த பழுப்புக் கால்சட்டையைக் கார்த்திகா டீச்சர் ஏறிட்டும் பார்க்கவில்லை. அந்தமானில், ரங்கத் பஜாரில் இருந்த சுகுணாவின் தையல்கடைக்குள் வந்து கால்மணி நேரமாகத் தரையைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்தாள்.

"வேற பையனுக்கு இதையே நீளமாக்கித் தரணும்க்கா. மனசு வரலைன்னா விட்ருங்க, ஏழு பேர வச்சே ஆட விட்றேன்."

பள்ளி ஆண்டு விழாவில் ஆல்ப்ஸ் மலை உழவர் வீட்டுப் பையன்களின் ஆட்டம். டீச்சர் போனில் காட்டிய படத்தில் தோல் அரைக்கால்சட்டை, தோளில் வார், மார்புக்குக் குறுக்கே மானும் வெள்ளைப் பூவும் போட்ட பட்டை. ரங்கத்தில் தோலுக்கு எங்கே போவது? ஜீப் சீட்டுக்குப் போடும் ரெக்சினில் எட்டுக் கால்சட்டை தைத்துவிட்டாள் சுகுணா. தொப்பி இறகுக்காக வீட்டுச் சேவலின் வால் மொட்டையானது. துரத்திப் பிடித்தவன் அவளுடைய பத்து வயசு மகன் உதயன்தான். "பனி கொட்டுற ஊர்ல அரை டவுசரோட நிக்கிறானுங்க. இவனுங்க அம்மா திட்டாதா?" என்று படத்தைப் பார்த்துக் கேட்டான். பனியை ஃப்ரிட்ஜுக்குள் மட்டும் பார்த்த பிள்ளை.

அப்படிக் கேட்ட பத்தாம் நாள் காய்ச்சல். போர்ட் பிளேருக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டான். முப்பதாம் நாள் கும்பிட இன்னும் நாலு நாள் இருந்தது. ரெக்சின் தீர்ந்துவிட்டது, அடுத்த சுருள் கப்பலில் வருவதற்குள் விழாவே முடிந்துவிடும்.

"என் பிள்ளை துணி, டீச்சர். தர மாட்டேன்."

டீச்சர் தலையாட்டிவிட்டுப் போனாள்.

மறுநாள் மற்ற ஏழு பேரின் வாரைச் சரிபார்க்கச் சுகுணா பள்ளிக்குப் போனாள். ஜோடி ஜோடியாகக் கைகோத்துச் சுற்றும் ஆட்டம். உதயனின் ஜோடி சுதாகர். பாட்டு அந்த இடத்துக்கு வந்ததும் அவன் கையை நீட்டினான். யாரும் பிடிக்காத கையை நீட்டியபடியே, ஒரு அடி தப்பாமல், தனியாகச் சுற்றி முடித்தான். சுகுணா கையிலிருந்த வாரை மடித்து வைத்துவிட்டு எழுந்தாள்.

"நீங்க சொன்ன பையனைக் கடைக்கு அனுப்புங்க," என்றாள் டீச்சரிடம்.

வந்தவன் பிஸ்வஜித், வங்காளிப் பையன், நெட்டை. கால்சட்டை முழங்காலுக்கு வெகு மேலே நின்றது. "ஆன்ட்டி, சோட்டா ஹை," சின்னதாக இருக்கிறது என்று இந்தியில் சொல்லிக் கூச்சத்தோடு இழுத்துவிட்டான்.

"ருக்கோ பேட்டா, கொஞ்சம் இரு. மடிப்பு இருக்கு, பிரிச்சு விடறேன்."

வளர்கிற பிள்ளைக்கு உள்ளே மடிப்பு விட்டுத் தைப்பதும், வருஷத்துக்கு ஒன்றாகப் பிரித்துவிடுவதும் வழக்கம். ஒரு நாள் ஆட்டம்தானே என்று மற்ற ஏழையும் அளவாக வெட்டியவள், தன் பிள்ளைக்கு மட்டும் இரண்டு மடிப்பு வைத்திருந்தாள். ஏனென்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. கை அப்படிப் பழகியிருந்தது.

பிளேடால் ஒவ்வொரு தையலாக அறுத்தாள். முதல் மடிப்பு, பதினோரு வயசு. இரண்டாவது, பன்னிரண்டு. பருத்தியென்றால் தண்ணீர் தெளித்துத் தேய்த்தால் தடம் போய்விடும். ரெக்சினில் ஊசி இறங்கிய ஓட்டை மூடாது. தெரிந்தும் நகத்தால் நீவினாள், அழுதுகொண்டே நீவினாள்.

விழாவன்று கடைசி வரிசையில் கணவன் பாலகுமாரின் பக்கத்தில் உட்கார்ந்தாள். சுதாகர் கையை நீட்டினான். பிஸ்வஜித் பிடித்துக்கொண்டான்.

"நல்லாத்தான் தச்சிருக்க," என்றான் பாலகுமார்.

அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஒரே ஒரு கால்சட்டையில் மட்டும் ஊசித் துளைகள் இரண்டு வரிசையாகச் சுற்றி வந்தன. மேல் வரிசை பத்து வயசு, உதயன் நின்ற இடம். அதற்குக் கீழே இன்னொரு வரிசை. அதற்கும் கீழே, மடிப்புக்குள்ளேயே இருந்து வெளிச்சம் படாத புது ரெக்சின், விளக்கில் பளபளத்து ஆடிக்கொண்டிருந்தது.