கழுதைக்கு வந்த பழி

இதுவரை எடுத்த படங்களுக்கும் இனி எடுக்கப்போகிற படங்களுக்கும் தீர்ப்புச் சொல்லத் தனக்கு அரை நிமிஷம் போதும் என்று அர்கம் அறிவித்தபோது, புத்தளத்துக் கல்லூரியின் திரைப்பட வட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்தால் இன்னும் அரை மணி நேரம் பேசுவான்.

அன்று திரையிட்டது யுத்தம் முடிந்த பிறகு வந்த படம். அதன் நாயகன் அயல்வீட்டுக்காரனின் தோணியைக் கைதவறி எரித்துவிடுகிறான். பழி வேறொருவன் மேல் விழுகிறது. இவன் வாய் திறக்காமல், விடியுமுன்னே போய்ப் புதுத் தோணி கட்டக் கைகொடுக்கிறான்.

பக்கத்திலிருந்த வட்டத் தோழி மர்ளியாவுக்கு இன்னும் கண் ஈரம் காயவில்லை. "பாவம், அந்த மனிசன் பயந்துட்டான். வாய் வரல்ல, கை வேல செஞ்சிச்சே."

"களவெடுத்த ஆட்ட அறுத்து அல்லாஹ்வுக்குக் குர்பான் குடுக்கிற கதை இது," என்றான் அர்கம். "ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சிச்சி. சொல்லாம மரம் இழைக்கிறவன் கோழை. அவ்வளவுதான்."

"நீங்க அந்த எடத்துல நின்டா?"

"நின்ட எடத்துலயே சொல்லுவன்."

கோழை நாயகர்கள் பற்றி எழுதவேண்டிய கட்டுரையை மனதுக்குள் எழுதிக்கொண்டே மோட்டார் சைக்கிளில் கற்பிட்டிக்குத் திரும்பினான். முதல் பந்தி அபாரமாக வந்துகொண்டிருந்தது. அந்த உற்சாகத்தில், கடற்கரை மணல் றோட்டில் மீன்பிடிகாரர் கில்பட் அண்ணன் தன் வீட்டு முன்னால் காயப்போட்டிருந்த வலைமேல் ஏறிவிட்டான். பின்சில்லு வலையைச் சுருட்டிக்கொண்டது. பிடுங்கி எடுத்தபோது ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு ஓட்டை.

மோட்டார் சைக்கிளைத் தென்னைக்குப் பின்னால் தள்ளிவிட்டு, அவரைக் கூப்பிடத்தான் திரும்பினான். அதற்குள் ஊர்சுற்றும் கழுதையொன்று வந்து, வலையில் ஒட்டியிருந்த பாசியை முகர்ந்தபடி ஓட்டையின் நடுவிலேயே நின்றது. வீட்டுக்குள்ளிருந்து கில்பட் அண்ணன் ஓடிவந்தார்.

"ஐயோ மாதாவே! விடிய கடலுக்கு எறங்க இருந்தனே! தம்பி, பாத்தீங்கதானே, இந்தச் சனியன்தானே செஞ்சது?"

அர்கம் வாயைத் திறந்தான். கழுதையும் அவனைப் பார்த்தது.

"ம்," என்றான். அது ஓமும் இல்லை, இல்லையும் இல்லை. கில்பட் அண்ணனுக்கு அது போதுமாயிருந்தது. கழுதையை வாசல் தூணில் கட்டினார். "நாளைக்கு வலையப் பொத்தி முடிச்ச கையோட, இத லொறியில ஏத்தி எலுவன்குளத்துக் காட்டோரம் விடுறன். சிறுத்தை பாத்துக்கொள்ளட்டும்."

அர்கத்துக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. விடியுமுன் சுபஹுத் தொழுகைக்குப் பள்ளியில் பாங்கு சொன்னதும் எழுந்து தொழுதான். துஆ கேட்கக் கையேந்தினால் கழுதையின் முகம்தான் வந்தது. போய்க் கயிற்றை அவிழ்த்துவிட்டான். அது போகாமல் நின்றது. தள்ளித்தான் அனுப்ப வேண்டியிருந்தது.

கில்பட் அண்ணன் ஊசியும் நூலுமாக வெளியே வந்தபோது, அவன் வலையோரம் மணலில் குந்தியிருந்தான்.

"கயித்தையும் அறுத்திட்டு ஓடிட்டுது பாருங்க! எவ்வளவு திமிர்!"

அர்கம் ஓட்டையைப் பார்த்தான். "அண்ணே..."

"என்ன தம்பி?"

"அந்த மற்ற ஊசியத் தாங்க. நானும் பொத்துறன்."

"ஒங்களுக்கு நல்ல மனசு, தம்பி."

சட்டைப்பையில் போன் அடித்தது. மர்ளியா. கட்டுரையை இன்று வட்டத்தில் வாசிக்கவேண்டும். அடித்து ஓயும்வரை விட்டான். பிறகு குனிந்து அடுத்த முடிச்சைப் போட்டான்.